அப்பா பாஸான இன்ஸ்பெக்சன்

என் வேலை என்னவென்று அம்மாவுக்கு விளக்கும் முயற்சியை நான் பாதியில் விட்டுவிட்டேன்.

வயதாகி, பிறர் கை இல்லாமல் ஒரு நாளைக் கடத்த முடியாதவர்களுக்கென்று சில நாடுகளில் தனியாக ஒரு காப்பீடு இருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்கானது அல்ல. குளிப்பாட்டவும், ஊட்டிவிடவும், கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைக்கவும் வீட்டுக்கு ஆள் அனுப்புகிற காப்பீடு. நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு என்று பெயர். அதைப் பற்றி வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி, எந்தக் காலத்தில் எந்தக் கேள்வி அதிகம் கேட்கப்பட்டிருக்கிறது, இப்போது ஆய்வு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று வகைபிரித்துக் கொடுப்பது என் வேலை. நான் புள்ளியியல் படித்தவள். குழு சென்னையில் இருக்கிறது. நான் சிவகாசியில், நாரணாபுரம் போகிற ரோட்டுப் பக்கம், எங்கள் வீட்டு ஹாலில் அப்பாவின் கட்டிலை ஒட்டி மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"அடுத்தவுக எழுதுனதப் படிச்சு நீ மார்க் போடுற. அம்புட்டுதானே?" என்றாள் அம்மா. அவள் ஓய்வுபெற்ற தமிழாசிரியை.

"மார்க் இல்லம்மா. எந்தக் கட்டுரை எதப் பத்தினதுன்னு பிரிச்சு வைக்கேன்."

"பேப்பர் கட்டுப் பிரிக்கிறது. அதுக்கா ஒனக்குச் சம்பளம் குடுக்காக?"

கட்டிலிலிருந்து அப்பா சிரித்தார். வாதம் வந்த பிறகு அவருடைய சிரிப்பு முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் நடக்கும்.

அப்பா ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். ஓய்வுபெற்று அடுத்த சீசன் வருவதற்குள் வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் தப்பிப் பிழைத்தது. சொற்கள் கொஞ்சம் குழைந்து வரும், புத்தியில் ஒரு மங்கலும் இல்லை. அதனாலேயே எல்லாம் அவருக்குத் தெரியும். தன்னைப் புரட்டிப்போடும்போது அம்மா மூச்சுப் பிடிப்பது உட்பட. ஆனால் அது அவள் உடம்பை எவ்வளவு வாட்டுகிறது என்று தெரியாது.

எதையும் பட்டியலாக யோசிப்பது என் வழக்கம். அம்மாவின் காலையை நான் மனத்துக்குள் இப்படி வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்: அப்பாவைத் தூக்கி ஒருக்களிக்க வைப்பது, ஈர ரப்பர் சீட்டை உருவுவது, துடைப்பது, தூக்கி உட்காரவைப்பது, கழிப்பறை நாற்காலிக்குத் தூக்கி மாற்றுவது, அங்கிருந்து தூக்கிக் குளிக்கிற ஸ்டூலுக்கு, ஸ்டூலிலிருந்து தூக்கிக் கட்டிலுக்கு. காப்பி அதற்குப் பிறகு. நான் ஒரு பக்கம் பிடிப்பேன். ஆனால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டால் அம்மா என்னைக் கூப்பிட மாட்டாள். நான் திரும்பிப் பார்க்கும்போது வேலை முடிந்திருக்கும். அம்மா சுவரில் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருப்பாள்.

சம்பளத்துக்கு ஆள் தேடாமல் இல்லை. வெளிப் பெண் கை தன்மேல் படக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். ஆண் துணை என்றால், லோடு ஏற்றவும் ஆள் போதாத ஊர் இது. வந்த ஒருவர் சீசன் சூடுபிடித்ததும் லாரி செட்டுக்குப் போய்விட்டார். "கோவிச்சுக்கிடாதீக டீச்சர், பெட்டி தூக்குனா பெட்டி பேசாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அப்பா அவரை அவ்வளவு ஏசியிருந்தார்.

பிறகு ஒருநாள் அம்மா என்னை விருதுநகருக்குத் துணைக்குக் கூப்பிட்டாள். அப்பாவைப் பக்கத்து வீட்டு அக்காவின் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனோம். பெண் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது, ஆபரேசன் செய்தாக வேண்டும், செய்தபின் மூன்று மாதம் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது என்றார். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டதற்கு அம்மா, "இப்பத்தான், கொஞ்ச நாளா" என்றாள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "மூணு மாசம் அவுகள யாரு தூக்குவா?" என்றாள்.

அப்பா விழுந்த மறுவருடமே தொடங்கியது என்று பஸ்ஸில்தான் ஒப்புக்கொண்டாள். இன்னொன்றும் சொன்னாள். "அப்பாட்ட ஒண்ணும் ஒளறாத. சுகர் பாக்கப் போனோம்னு சொல்லிக்கிடுவோம்."

அப்படித்தான் ஆபரேசன் தள்ளிப்போனது. முதலில் ஈஸ்டர் கழியட்டும் என்றாள். பிறகு வெயில் தணியட்டும் என்றாள்.

அந்த மாதங்களில் நான் படித்துக்கொண்டிருந்த கட்டுரைகளில் ஒரு வரிசை தெரிய ஆரம்பித்திருந்தது. முதலில் எழுதியவர்கள், இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும், இளையவர்கள் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்து வந்தவர்கள், காப்பீடு வந்தபின் முதியவர்கள் ஆஸ்பத்திரியில் கிடப்பது குறைந்ததா என்று கேட்டார்கள். அதன்பின் ஆய்வு மெல்ல வீட்டுக்குள் வந்தது: மகள் வேலைக்குத் திரும்பினாளா, மருமகளின் உடம்பு என்னவாயிற்று, மனைவிக்குத் தூக்கம் உண்டா. ஜப்பானில் துணைக்கு ஆள்தான் அனுப்புவார்கள், காசாகத் தரமாட்டார்கள். ஜெர்மனியில் விரும்பினால் காசாகவும் வாங்கிக்கொள்ளலாம். இரண்டில் எது குடும்பத்துக்கு நல்லது என்று ஓயாத வாக்குவாதம். சீனாவில் சில நகரங்களில் சோதித்துப் பார்க்கிறார்கள் என்பதால் அங்கிருந்து கட்டுரைகள் குவிந்தன. புதிதாக வருபவை மறதி நோய் பற்றியும், நகரத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள இடைவெளி பற்றியும், யாருக்கு எவ்வளவு துணை தேவைப்படும் என்று கணினியை வைத்து முன்கூட்டிச் சொல்வது பற்றியும். நம் நாட்டைப் பற்றியவை என்று நான் பிரித்து வைத்தவற்றில் பெரும்பாலானவை ‘வேண்டும்’ என்ற சொல்லில் முடிந்தன.

வீட்டார் செய்யும் பணிவிடைக்கு அந்தக் கட்டுரைகளில் ஒரு பெயர் உண்டு. தமிழில் முறைசாராப் பராமரிப்பு என்று எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"முறைசாராவா?" என்றாள், அப்பாவுக்கு ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே. "நான் என்ன முறைகெட்டா பாக்கேன்?"

"டீச்சர் அடிக்கிறதுலயும் ஒரு முறை உண்டும்மா" என்றார் அப்பா. அவர் அம்மாவை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"பேசாம வாயத் தெறங்க."

ஒரு மீட்டிங் முடிவில் எங்கள் குழுத்தலைவி ஒரு செய்தி சொன்னார். எங்கள் மாவட்டத்தில் ஒரு தொண்டு அமைப்பு இந்தக் காப்பீட்டைச் சிறிய அளவில் சோதித்துப் பார்க்கப்போகிறது. ஓய்வுபெற்ற தொழிலாளர் குடும்பங்கள் சேரலாம். ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து மதிப்பிடுவார். தேவை அதிகம் என்று தெரிந்தால் பயிற்சி பெற்ற ஆண் துணையாளர் ஒருவர் நாள்தோறும் அரைநாள் வருவார். "உங்க அப்பாவுக்கு எழுதிப் போடுங்களேன்" என்றார். எழுதிப் போட்டேன். அம்மாவிடமும் சொன்னேன். அன்று மாலை விருதுநகர் மருத்துவருக்குப் போன் செய்து, ஆவணி முடியுமுன் ஆபரேசனுக்கு இடம் கிடைக்குமா என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதிப்பீடு எப்படி நடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எந்த நாட்டுக் கட்டுரையிலும் சிறு மாறுதல்களோடு அதே பட்டியல்தான்: சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்குவது. எவ்வளவு முடியவில்லையோ அவ்வளவு துணை கிடைக்கும். அம்மாவுக்கு இதை விளக்கினேன். அம்மா அப்பாவுக்கு விளக்கினாள்.

"ஒரு நர்சம்மா வந்து ஒங்களப் பாத்து எழுதிட்டுப் போவாகளாம்."

"என்னத்த எழுத?"

"எல்லாத்தையும்தான். இன்ஸ்பெக்சன்னு வச்சுக்கோங்களேன்."

அப்பா தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பினார். "எப்ப?"

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான். கம்பெனிக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று முன்கூட்டியே காற்றில் செய்தி வந்துவிடும். அன்று அப்பா விடியுமுன் போய்விடுவார். மணல் வாளிகளை நிரப்பி வரிசையாக வைப்பது, தொட்டியில் தண்ணீர் ததும்ப விடுவது, அறைத் தரையில் சிந்திய வெடிமருந்தைத் துடைத்தெடுப்பது, ஆட்களைச் சுத்தமான பருத்தித் துணியில் நிறுத்துவது. ஜீப் கிளம்பும்போது அருகில் போய், "கொறை ஏதும் உண்டுங்களா சார்?" என்று கேட்பார். தான் இருந்த காலத்தில் ஒரு ரிமார்க்கூட விழுந்ததில்லை என்று சொல்லிக்கொள்வார். அம்மா மட்டும் என்னவாம். பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வருகிறார் என்றால் முந்தின நாளே அதே பாடத்தை நடத்திப் பார்த்துவிடுவாள். பதில் தெரியாத பிள்ளைகளை அன்றைக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பிவிடுவாள்.

நர்ஸ் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின வாரம் முழுதும் அப்பா இடது கையால் சட்டையின் நெஞ்சுப் பக்கத்தைப் பிடித்துக் கசக்கிக்கொண்டே இருந்தார். நோயில் வரும் பதற்றம் என்று நினைத்தேன்.

அது ஆடி வெள்ளி. காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது வீடு மாறியிருந்தது. கட்டிலில் ரப்பர் சீட்டைக் காணோம். நல்ல ஜமுக்காளம் விரித்திருந்தது. கழிப்பறை நாற்காலி பின்கட்டுக்குப் போயிருந்தது. பினாயில் மணம். அப்பா சவரம் செய்து, பவுடர் போட்டு, வெள்ளைச் சட்டையில் சாய்ந்திருந்தார். கையில் கடிகாரம்.

"அம்மா, அந்தச் சேரு இங்கனயே இருக்கட்டும்" என்றேன்.

"வீடு மூத்திர வாடை அடிக்குன்னு எழுதிட்டுப் போகவா?"

"அதத்தாம்மா எழுதணும்."

"போடி."

நாற்காலியை நான் இழுத்து வந்தேன். அவள் மறுபடி கொண்டுபோய் வைத்துவிட்டு, மேலே ஒரு சேலையையும் போட்டு மூடினாள். கட்டிலிலிருந்து அப்பா, "தாயி, இன்ஸ்பெக்சன்னா என்னன்னு எனக்குச் சொல்லித் தாரியாக்கும்?" என்றார்.

"அப்பா, இதுல பெயிலானாத்தான் நமக்கு ஆள் கெடைக்கும்."

"பெயிலாகுறதுக்கு யாராச்சும் இன்ஸ்பெக்சன் வைப்பாகளா?" அவர் அம்மாவைப் பார்த்தார். "என்ன டீச்சர், படிச்ச புள்ள பேசுற பேச்சா இது?"

நர்ஸ் தாமதமாகத்தான் வந்தார். நடுவயது. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "இருக்கன்குடிக் கோயில் கூட்டம்மா, சாத்தூர்ல இருந்து பஸ்ல ஒத்தக்கால்ல நின்னு வாரேன்" என்றார். அம்மா மோர் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். நர்ஸ் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்படிய்யா இருக்கீக?"

"எனக்கென்ன. நல்லா இருக்கேன்."

"சாப்பாடு தானா சாப்பிடுவீகளா?"

"சாப்பிடுவேன்." டம்ளரை இடது கையால் எடுத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்துக் காட்டினார்.

"குளிக்கிறது?"

"குளிப்பேன்."

நர்ஸ் அம்மாவைப் பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "ஆமா, குளிப்பாக" என்றாள். அந்நியர் முன்னால் அவள் அப்பாவை மறுத்துப் பேசி நான் கேட்டதே இல்லை.

"சட்டையெல்லாம்?"

அப்பா இடது கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனார். மேல் பட்டனைக் கழற்றினார். பிறகு, எங்கள் எல்லாரையும் காத்திருக்க வைத்து, அதை மறுபடி மாட்டினார். அந்த ஒரு பட்டன். அவர் ஒரு வாரமாகக் கசக்கிக்கொண்டிருந்தது எதை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்று வருடத்தில் அவர் மாட்டிய முதல் பட்டன் அது. எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுதினால்தான் சரியாக இருக்கும். நான் வாயைத் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

"நடப்பீகளாய்யா?"

கட்டிலோரம் சாத்தியிருந்த கம்பை இடது கையால் ஊன்றி எழுந்தார். விழுந்த காலை இழுத்து இழுத்து வாசல்வரை போய்த் திரும்பினார். அம்மா தத்துநடை போடும் பிள்ளைக்குப் பின்னால் போவதுபோல இரு கையையும் ஏந்திக்கொண்டு பின்னாலேயே போனாள். கட்டிலில் உட்கார்ந்தபோது அப்பாவின் முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. அப்படியும் கேட்டார்: "கொறை ஏதும் உண்டுங்களா?"

"ஒரு கொறையும் இல்லய்யா. டீச்சரம்மா நல்லா வச்சிருக்காக" என்றார் நர்ஸ்.

அப்பா ஒரு பக்கமாகச் சிரித்தார்.

நர்ஸை வழியனுப்ப நான் தெருமுனைவரை போனேன். நடந்ததைச் சொன்னேன். ரப்பர் சீட், நாற்காலி, பட்டன். அம்மாவின் ஆபரேசன். அவர் நின்று கேட்டார். கோபப்படவில்லை.

"நான் பாத்தத எழுதிட்டேன்மா. அவரும் சொல்றாரு, சம்சாரமும் ஆமாங்காக. இதுல நான் என்ன செய்ய?"

"வழக்கமா என்ன செய்வார்னுதானே கேக்கணும்? ஒருநாள் மட்டும் முடியிறதப் பாக்கக் கூடாதுல்ல?"

"கேட்டேனே. வழக்கமா குளிப்பேன்னுதான் சொன்னாரு." கொஞ்சம் யோசித்தார். "மறுபடி பாக்கச் சொல்லி மனு குடுக்கலாம். ஆனா அவரே கேக்கணும். தனக்கு முடியலன்னு அவரே கையெழுத்துப் போடணும். புத்தி தெளிவா இருக்கவருக்கு அடுத்தவுக போட முடியாது."

திரும்பி வந்தபோது அப்பா வெள்ளைச் சட்டையோடு சுருண்டு கிடந்தார். நல்ல ஜமுக்காளம் நனைந்திருந்தது. அடுத்த இரண்டு நாள் அவரால் கழுத்தைக்கூட நிமிர்த்த முடியவில்லை. அம்மா முன்பைவிட அதிகமாகத் தூக்க வேண்டியிருந்தது. அவர் மட்டும் சந்தோஷமாக இருந்தார். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னண்ணே, பரிச்சை எப்பிடி?" என்று கேட்டதற்கு, "பர்ஸ்ட் கிளாஸ்" என்றார்.

முடிவு நாங்கள் எதிர்பார்த்தபடியே வந்தது. துணை தேவையில்லை.

அம்மா அன்று மருத்துவருக்குப் போன் செய்து, ஆவணி வேண்டாம், தீபாவளி கழியட்டும் என்றாள். அவள் பேசி முடிக்கும்வரை நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காப்பீடு வந்தபின் வீட்டுப் பெண்களின் உடல்நலம் எப்படி மாறியது என்பதைப் பற்றிய கட்டுரை ஒன்று திறந்திருந்தது. அதை எந்தப் பிரிவில் வைப்பது என்று எனக்குத் தெரியும். வைத்துவிட்டு அடுத்ததைத் திறந்தேன். அன்று நிறைய வேலை முடித்தேன்.

சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்கு அம்மா போகும் ஒரு பிற்பகலில் அப்பாவிடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அம்மாவுக்கு என்ன, அது எதனால் மோசமாகிறது, மருத்துவர் என்ன சொன்னார், ஏன் தள்ளிப்போகிறது, மனுவில் யார் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வரிசையில்.

"சுகர்னு சொன்னாளே" என்றார்.

"ஒங்ககிட்ட அப்பிடிச் சொன்னாங்க."

"எம்புட்டு நாளா?"

"நீங்க விழுந்த மறுவருசத்துல இருந்து."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வெளியே அட்டைப்பெட்டி ஏற்றிய வண்டி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே போனது. பிறகு சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார்.

"ஒரு ரூமுக்கு இத்தன பேருன்னு கணக்கு உண்டு. சீசன்ல அம்புட்டுப் பேர வச்சு ஆர்டர் முடிக்க முடியாது. கூட வச்சிருப்போம். இன்ஸ்பெக்சன்னா அந்தக் கூடுதல் பொம்பளைங்கள எல்லாம் பின்னால முள்ளுக்காட்டுக்கு அனுப்பிருவேன். ஜீப் போறவரைக்கும் வெயில்ல உக்காந்துருப்பாளுக. தண்ணி குடிக்கக்கூட வர மாட்டாளுக. ரிப்போர்ட்டுல ரூமுக்கு நாலு பேருன்னு இருக்கும். வேல என்னமோ எல்லாரும் சேந்து செஞ்சதுதான்."

இடது கையை நீட்டினார்.

"எங்க போடணும்?" என்றார்.

மனுவுக்கு அடியில் அட்டையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். இடது கையால் போட்டார். அது அவருடைய கையெழுத்துப் போலவே இல்லை. "டீச்சர் வரமுன்ன எடுத்து வச்சிரு" என்றார்.

ஆனால் அம்மா செருப்பைக் கழற்றும்போதே அவரே கேட்டுவிட்டார். "ஏ டீச்சர், எங்கிட்ட ஏன் சொல்லல?"

அம்மா என்னைத்தான் பார்த்தாள். "வாய வச்சுக்கிட்டு ஒனக்குச் சும்மா இருக்க முடியாதா?"

"அவள ஏன் ஏசுற? நான்தான கேக்கேன்."

"சொல்லி? நீங்க எந்திரிச்சு வந்து எனக்குச் சோறு வடிப்பீகளோ?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைவரை என்னோடு பேசவில்லை. அப்பாவைத் தூக்கும்போது மட்டும் "பிடி" என்பாள், "விடு" என்பாள்.

அதே நர்ஸ் மறுபடி வந்தார். அன்று காலை அம்மா சவரக் கத்தியை எடுத்தபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இருக்கிறபடி இருக்கட்டும்" என்றார். ரப்பர் சீட் கட்டிலில் கிடந்தது. நாற்காலியை நான் தொடவில்லை. அம்மாவே கொண்டுவந்து போட்டாள், சத்தம் கேட்கும்படி.

நர்ஸ் உட்கார்ந்ததும் அப்பா என்னிடம், "தாயி, நீ கொஞ்சம் அங்கிட்டுப் போ" என்றார். நான் அடுப்படியில் போய் நின்றேன். பால் வைக்கவேண்டியிருந்தது. வைத்தேன்.

"சாப்பாடு தானா சாப்பிடுவீகளாய்யா?"

"ஊட்டிவிடணும்."

"குளிக்கிறது?"

"முடியாது."

"சட்டை வேட்டி?"

"முடியாது."

என் கட்டுரைகளில் இந்த இடத்தில் ஓர் எண் இருக்கும். குரல் இருக்காது. ஒவ்வொரு ‘முடியாது’க்கும் அவர் குரல் கொஞ்சம் தெளிவாகிக்கொண்டே வந்தது. நாற்காலிக்கு மாறுவது, நடப்பது பற்றிய கேள்விகளும் கடந்தன. பிறகு நர்ஸ் கடைசிக் கேள்வியைக் கேட்டார், மெதுவாகத்தான் கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். பால் பொங்கி வந்தது, அணைத்தேன்.

"அடக்க முடியாது" என்றாள் அம்மா. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசுவாளே, அந்தக் குரல். "ராத்திரியில எந்திரிச்சுத் துணி மாத்தணும். நான் ஒத்தையில புரட்டித்தான் மாத்துறேன்."

"ரெண்டு தரம் மாத்துறா" என்றார் அப்பா.

இரண்டாவது முடிவு வரக் கொஞ்சம் காலமாயிற்று. நடுத்தரத் தேவை என்று வந்தது. அரைநாள் இல்லை, காலையில் மட்டும் ஆள் வருவார். அரைநாள் துணைக்கான மேல்நிலைக்குச் சில புள்ளிகள்தான் குறைந்திருந்தன. முறையிடலாமா என்று யோசித்தேன். அப்பாவை மூன்றாவது முறையாக அந்தக் கேள்விகளின் முன்னால் கிடத்த எனக்கும் தெம்பில்லை. மாலையும் இரவும் நான் பார்த்துக்கொள்வதென்று முடிவாயிற்று. குழுத்தலைவியிடம் வேலை நேரத்தைக் குறைத்துக் கேட்டேன். கூடவே, மதிப்பிட வருகிற நாளில் வீட்டார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதற்கு நம் பட்டியலில் ஒரு பிரிவு சேர்க்கலாமா என்றும் கேட்டேன். நல்ல யோசனை, ஆனால் அதற்குப் போதிய கட்டுரைகள் இல்லையே என்றார். உண்மைதான். தேடிப் பார்த்தேன், எனக்கும் அதிகம் கிடைக்கவில்லை.

அச்சங்குளத்திலிருந்து வந்தார் அந்தத் துணையாளர். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், அகன்ற தோள். முதல்நாள் அவர் கை பட்டபோது அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். குளியல் முடிந்து, தலை துவட்டும்போது கண்ணைத் திறக்காமலே, "எந்தக் கம்பெனியில இருந்தீரு?" என்று கேட்டார். நான் கம்பெனிக்கே போனதில்லைய்யா, ஆஸ்பத்திரியில வார்டு வேலை என்றார் அவர். "அதான் அவசரப்படாம செய்யிறீரு" என்றார் அப்பா.

அம்மா ஐப்பசிக்கு முன்னால் விருதுநகரில் சேர்ந்தாள். அறுவை முடிந்த மறுநாள் பிற்பகலில் நான் போனபோது படுத்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. பஞ்சை நனைத்துத் தடவினேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அவுகள யாரு பாக்கா?"

"பக்கத்து வீட்டு அக்கா இருக்காங்க. அஞ்சு மணி பஸ்ல போயிருவேன்."

"நேத்து ராத்திரி?"

"நான்தான்."

"ஒத்தையிலயா புரட்டுன?"

"ஆமா."

என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஸ்டூலில் நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"இடுப்பு வலிக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் போனது.

"வலிக்கும்மா" என்றேன்.

"வலிக்கத்தான் செய்யும்" என்றாள் அம்மா. கையை நீட்டி என் முட்டியின்மேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.